கழிச்சாச்சு

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு டாக்டர்களைக் கண்டால்தான் பயம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். டாக்டர் கத்துவார், அரை மணி நேரத்தில் மறந்தும் போவார். பச்சை மைப் பேனாவோடு நான்காம் மாடியிலிருந்து இறங்கி வருகிறவன் கத்தவே மாட்டான். சிரித்துக்கொண்டே எண்ணுவான், எழுதிக்கொண்டு போய்விடுவான். அதனால் இன்டர்னல் ஆடிட் வருகிறது என்று காற்றுவாக்கில் செய்தி வந்ததும், ஒரு வார்டின் சக்கர நாற்காலி அடுத்த வார்டுக்கு விருந்தாளியாகப் போய் எண்ணிக்கையைச் சரி செய்துவிட்டுத் திரும்பி வரும். இந்த ஆஸ்பத்திரியின் பச்சைப் பேனாக்காரன் தாணுலிங்கத்துக்கு அது தெரியும். ஒரே நாற்காலியை மூன்று மாடிகளில் மூன்று முறை எண்ணிய அனுபவமும் அவனுக்கு உண்டு. நான்காவது இடத்தில் அதன் கைப்பிடியில் பச்சைப் புள்ளி வைத்துவிட்டான். அன்று முதல் சிஸ்டர்மாருக்கு அவனிடம் கொஞ்சம் மரியாதை.

ஒன்பது ஊர்களில் ஆஸ்பத்திரி நடத்திய அந்தக் கம்பெனியின் தலைமையிடம் திருவனந்தபுரத்தில் இருந்தது. தாணுலிங்கம் அங்கே சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அவன் லிங்கம் சார். வீடு ஆரியசாலையில். அப்பா தொடங்கிய மிளகாய் வத்தல் மொத்தக் கடையை இப்போது அண்ணன் பகவதிப்பெருமாள் நடத்துகிறார். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் ஆறாம் வகுப்பில் தமிழ் வாடையோடு ஒரு மலையாளச் செய்யுளை ஒப்பித்ததற்கு வகுப்பே "பாண்டி, பாண்டி" என்று தமிழனைக் கேலி செய்து மேஜையைத் தட்டியது. அன்றைக்கு அவன் நாக்கில் போட்ட பூட்டு, முப்பத்தாறு வயதிலும் திறக்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் மலையாளம்தான். அதுவும் எப்பேர்ப்பட்ட மலையாளம், செய்தி வாசிப்பவர்கள் வந்து கற்றுக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவனுடைய மேலதிகாரி விஜயலக்ஷ்மி மேடம் கோட்டைக்குள் அக்ரகாரத்துத் தமிழ். அவன் தமிழ் என்று அவருக்குத் தெரியும், அவர் தமிழ் என்று அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் காலையில் அவரவர் வீட்டில் தமிழில் சண்டை போட்டுவிட்டு வந்து, ஆபீசில் மலையாளத்தில் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். பதினோரு வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஜூலையில் மூன்றாம் மாடி வார்டில் மருந்து எண்ணினார்கள். தூக்க மாத்திரை பதிவேட்டில் நூற்றிருபது, அலமாரியில் முப்பத்தாறு. எண்பத்து நான்கைக் காணவில்லை. வார்டின் பொறுப்பு சிஸ்டர் பிந்து ஜூன் மாதம் முழுக்க விடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக இருந்த ரோஸ் சிஸ்டர் குவைத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. மருந்து அலமாரி இருந்த சின்ன ஸ்டோர் அறையைப் பெருக்கித் துடைப்பதற்காகச் சாவி வாங்குகிற ஆள் ஒருத்திதான் மிச்சம், அட்டெண்டர் வடிவம்மாள்.

வடிவம்மாள் பொன்முடிக்காரி. தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கணவன் இறந்தபின் எட்டு வருடமாக இங்கே வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊழியர் குடியிருப்பில் தங்குவாள். ஒரு நாள் மட்டும் பஸ் ஏறி மலைக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். வயது நாற்பத்தெட்டு. நோயாளிகளோடு தமிழும் மலையாளமும் கலந்து எப்படியோ சமாளிப்பாள். ஆனால் கோட்டுப் போட்ட டாக்டரோ டை கட்டிய அதிகாரியோ எதிரே வந்துவிட்டால், விசேஷத்துக்கு எடுத்து உடுத்தும் புடவை மாதிரி ஒரு மலையாளத்தை வெளியே எடுப்பாள்.

தாணுலிங்கம் அவளை சிஸ்டர்களின் அறையில் உட்கார வைத்துத்தான் விசாரித்தான். நின்றுகொண்டே பதில் சொல்ல வைக்கிற ஜாதி இல்லை அவன். மலையாளத்தில் கேட்டான், அவளும் தன் விசேஷ மலையாளத்தில் சொன்னாள். கண் இமைக்காமல் ஒப்புக்கொண்டாள். அத்தனை மாத்திரைகளையும் தான் ஒருத்திதான் சாப்பிட்டதாக, வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை என்பதாக அவன் எழுதிக்கொண்டான். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் கிடந்ததைப் பார்த்தான். எட்டு வருட இரவு டூட்டி, கணவன் இல்லை, மகள் மலையில். பாவம், தூக்கம் வராமல் ஒன்றிரண்டு எடுக்கத் தொடங்கியிருப்பாள், பிறகு விட முடிந்திருக்காது என்று அவனுக்கு மனம் இளகிவிட்டது.

யார், எப்போது, எவ்வளவு, ஏன் என்று நான்கு கேள்வி ஆடிட்டில் உண்டு. மூன்றைக் கேட்டவன் நான்காவதை விட்டுவிட்டான். ஒரு பெண்ணின் துக்கத்தைக் கிளறி அதற்கும் ஒரு பச்சை டிக் போட வேண்டுமா என்று நினைத்தான். எழுதியதை வாசித்துக் காட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டு, மலையாள வரிகளுக்குக் கீழே தமிழில் 'வடிவம்மாள்' என்று உருட்டி உருட்டிக் கையெழுத்துப் போட்டாள். அவளைத் தண்டிக்க வேண்டாம், மனநல ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று அறிக்கையின் கடைசியில் இவன் சேர்த்ததும் அந்த இரக்கத்தில்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எச்.ஆர். தலைவர் ஸ்ரீஜித் அறிக்கையைப் படித்துவிட்டு, நோயாளியின் மருந்தைத் தின்றுவிட்டு டூட்டி பார்த்தவளுக்கு ஆலோசனையா என்று கேட்டார். அவளை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டி. அதில் வேலை போவது உறுதி, அதுவும் இந்தக் காரணத்தோடு போனால் ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசல் பெருக்கக்கூடக் கூப்பிடாது. தாணுலிங்கம் வருத்தப்பட்டான். ஆனாலும் அவள் வாயால் சொன்னதைத்தானே எழுதினோம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

கமிட்டிக்கு முந்தின சனிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணன் கடையில் ஏறினான். மழை அடித்து ஓய்ந்திருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த லாரியில் தார்ப்பாய் கிழிந்து வத்தல் மூட்டைகள் நனைந்துவிட்டன. பகவதிப்பெருமாள் போனில் சரக்கு அனுப்பியவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். தாணுலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து தும்மினான்.

"ஈரம் பட்டது பன்னெண்டு கிலோ இருக்கு, கேட்டியளா. அத நான் கழிச்சாச்சு. எல்லாத்தையும் நாந்தான் நின்னு கழிச்சேன்," என்றார் அண்ணன் போனில்.

இரண்டாவது தும்மல் வரவில்லை. அண்ணன் சொன்ன வார்த்தை அவன் காதில் அப்படியே நின்றுவிட்டது. சிஸ்டர்களின் அறையில் வடிவம்மாள் உட்கார்ந்து சொன்னதும் அதே வார்த்தைதான். "எல்லாம் ஞான் தன்னே கழிச்சு சாரே. வேறே ஆரும் இல்லா."

மலையாளத்தில் மருந்து கழிப்பது என்றால் மருந்து சாப்பிடுவது. தமிழில் கழிப்பது என்றால் வேண்டாததைத் தள்ளுவது. அவள் 'ஞான்' என்று மலையாளத்தில் தொடங்கியதால், 'கழிச்சு' என்பதையும் இவன் மலையாளமாகவே எடுத்துக்கொண்டான். பெரியவர்கள் முன்னால் மரியாதையாகப் பேச வேண்டுமென்று அவள் வார்த்தையின் மேல்சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறாள். உள்ளே இருந்தது அவள் வீட்டுத் தமிழ், இவன் வீட்டிலும் தினம் புழங்குகிற தமிழ். வேறு எவனாவது மலையாளி இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். மிளகாய்க் கடையில் பிறந்து வளர்ந்தவன் செய்யலாமா?

அண்ணன் போனை வைத்துவிட்டு, என்னடே முகம் வெளுத்துக் கிடக்கு, நெடி ஏறிடுச்சா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பானூரில் பொன்முடி பஸ்ஸைப் பிடித்தான். அதை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கியபோது மலையைப் பனி மூடியிருந்தது. லயத்தில் வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தான். கதவைத் திறந்தது மகள் அனுஷா, பதினேழு வயது, பிளஸ் டூ. அம்மாவின் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் இறுகியது. சுத்தமான மலையாளத்தில் உட்காரச் சொன்னாள்.

சஸ்பெண்ட் கடிதம் மலையாளத்தில் போயிருந்தது. அதை வாசித்துச் சொன்னவள் இந்தப் பெண்தான். அம்மா மாத்திரை தின்கிறவள் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். அன்று முதல் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மா தூங்கினால் அருகில் போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரையைக்கூட எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். இதெல்லாம் அன்றைக்கே பேச்சினிடையே வடிவம்மாள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

வடிவம்மாள் பின்பக்கத்திலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்ததும் பதறி, விசேஷ மலையாளத்தை எடுத்தாள். சாரு இத்தற தூரம் வந்நு என்று தொடங்கியவளைத் தாணுலிங்கம் நிறுத்தினான். வாசல் தாண்டி, அந்நியர் வீட்டில், இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் தமிழ் வந்தது. கொஞ்சம் துருப்பிடித்துத்தான் வந்தது.

"வடிவக்கா, அந்த மாத்திரைய நீங்க என்ன செஞ்சீங்க? தமிழ்லயே சொல்லுங்க."

அவள் அவனையே பார்த்தாள். "சார் தமிழாளா?"

"ஆமாக்கா."

"கழிச்சேன்னு அன்னைக்கே சொன்னேனே சார். மழையில சன்னல் ஒழுகி அந்தப் பெட்டி பூரா ஊறிப்போச்சு. பட்டை ஓரம் விட்டு உள்ள தண்ணி ஏறி, மாத்திரையெல்லாம் மாவாட்டம் கரைஞ்சு நின்னுச்சு. அத நோயாளிக்குக் குடுக்கலாமா? ரோஸ் சிஸ்டர்ட்ட சொன்னேன், மாத்தி வைங்கன்னு சொல்லிட்டு அவங்க கொவைத்து போயிட்டாங்க. கேக்காம கழிச்சது தப்புன்னுதான் சஸ்பெண்டு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். இவ கடுதாசியப் படிச்சிட்டு நான் தின்னேங்கிறா. அப்பிடி இல்லடின்னு எத்தன தடவ சொல்லியும், நீதானே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கங்கிறா."

கழித்ததை எங்கே போட்டீர்கள் என்று கேட்டான். போடவில்லை என்றாள். எஸ்டேட்டில் மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள், முற்றல் இலையைப் பொறுக்கித் தனியே கழிப்பார்கள். ஆனால் கழித்ததைக் கண்ணில் காட்டிவிட்டுத்தான் கொட்ட வேண்டும், காட்டாமல் கழித்தால் அது திருட்டு. இருபது வருடம் அந்தச் சட்டத்தில் இருந்தவள், ஊறிப்போன பட்டைகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, வார்டிலேயே துணி அலமாரியின் உச்சியில் வைத்திருந்தாள்.

"அப்ப ஏங்க்கா அன்னைக்கே எடுத்துக் காட்டல?"

"ஏன் கழிச்சன்னு கேப்பீங்க, அப்ப எடுத்துட்டு வந்து காட்டலாம்னு உக்காந்திருந்தேன். நீங்க கேக்கல. எழுதி முடிச்சு எந்திரிச்சிட்டீங்க. அப்பறம் என்னைய வார்டுக்குள்ளயே விடல."

இரக்கம் என்று நினைத்து விட்ட கேள்வி அது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அதுவும் வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை தமிழில் பேசியிருந்தால், இந்த வீட்டில் மகள் அம்மாவின் மூச்சை எண்ணியிருக்க மாட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டான், தலை குனிந்துதான் கேட்டான்.

கதவருகே நின்ற அனுஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். பானை நகர்கிற சத்தம் கேட்டது. கையில் பாதி தீர்ந்த காய்ச்சல் மாத்திரைப் பட்டையோடு வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் அது வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்தாள். பிறகு அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வடிவம்மாள் அவள் முதுகைத் தட்டினாள், திட்டவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வடிவம்மாள் பாதி தூரம் கூடவே வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார் தமிழுன்னு நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சார்," என்றாள். அவனுக்கு ஒரு காரணம் இருக்கும், அது தன்னால் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று அவள் நினைத்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே வார்டுக்குப் போய், பிந்து சிஸ்டரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு டப்பாவை இறக்கினான். பத்து மாத்திரை வீதம் எட்டுப் பட்டைகள், கத்தரித்த துண்டு ஒன்றில் நான்கு. உள்ளே மாத்திரை இல்லை, வெள்ளைக் களிம்பு. ஆனால் தகட்டில் அச்சடித்த பேட்ச் எண் பதிவேட்டோடு ஒத்துப்போனது. பராமரிப்புப் பிரிவின் புகார்ப் புத்தகத்தையும் புரட்டினான். ஜூன் பதினெட்டு, மூன்றாம் மாடி ஸ்டோர், சன்னல் ஒழுக்கு, ரோஸ் சிஸ்டரின் கையெழுத்து. புகாருக்கு எதிரே 'பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தது. இன்னும் யாரும் பார்த்திருக்கவில்லை.

டப்பாவோடு விஜயலக்ஷ்மி மேடத்தின் அறைக்குப் போனான். அவர் முதலில் மலையாளத்தில்தான் கண்டித்தார். கையெழுத்தாகிப் போன அறிக்கையை நாமே திரும்பப் பெறுவது இந்தத் துறையில் இதுவரை நடந்ததில்லை, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன், கொச்சி கிளைக்கு உன்னைத் தலைவனாகப் போடும் பேச்சு ஓடுகிற நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். தாணுலிங்கம் வடிவம்மாளின் வாக்குமூலத்தை அவர் முன்னால் வைத்து, அந்த ஒரு வார்த்தையின் மேல் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டான்.

"மேடம், இத உங்க வீட்டு வார்த்தையா நெனச்சுப் படிங்க."

தமிழில் சொன்னான். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். படித்தார்.

"நேத்திக்குக்கூட ஆத்துல சொத்தைக் கத்திரிக்காயைக் கழிச்சு வெச்சேன், லிங்கம்," என்றார். "இந்தக் காகிதத்தை நானும் மூணு தரம் படிச்சிருக்கேனே. எனக்கும் தோணலையே."

செவ்வாய்க்கிழமை கமிட்டியில் ஸ்ரீஜித் லேசில் விடவில்லை. லிங்கம் சாரைப் போல மலையாளம் தெரிந்தவர் ஒரு சாதாரண வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றால் நம்புவதற்கு இல்லையே என்றார். டப்பாவும் பேட்ச் எண்ணும் புகார்ப் புத்தகமும் மேஜைமேல் இருந்தன. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாக்குமூலத்தை அழிக்க முடியாது. தாணுலிங்கம் எழுந்து நின்றான். தான் ஒரு தமிழன் என்றும், தன் வீட்டில் இந்த வார்த்தைக்கு அவள் சொன்ன அர்த்தம்தான் என்றும், அதை மறைத்து மறைத்துப் பழகியதால் தனக்கே அது கேட்காமல் போனதென்றும், தப்பு அவள் சொன்னதில் இல்லை, தான் எழுதியதில்தான் என்றும் மலையாளத்திலேயே சொன்னான். அறையில் யாரோ கனைத்தார்கள். வீட்டில் நானும் தமிழ்தான், அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது என்றார் விஜயலக்ஷ்மி மேடம்.

வடிவம்மாளை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். பொறுப்பாளரிடம் எழுதி வாங்காமல் மருந்தைக் கழித்ததற்கு ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இந்த முறை காகிதம் தமிழிலும் மலையாளத்திலும் போனது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவளுக்கு முடிவை மட்டும்தான் சொன்னார்கள், உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. கொச்சிக்கு வேறொருவர் போனார். கேன்டீனில் இரண்டு பேர் 'பாண்டி' என்று முணுமுணுத்தது தாணுலிங்கத்தின் காதில் விழுந்தது. ஆறாம் வகுப்பில் வலித்த அளவுக்கு வலிக்கவில்லை. ஸ்டோர் சன்னலை ஓணம் கழிந்துதான் சரி செய்தார்கள்.

அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் லிப்ட் நிரம்பியிருந்தது. இரண்டு டாக்டர்கள், ஸ்ரீஜித், மூன்று நர்சுகள், மூலையில் தாணுலிங்கம். மூன்றாம் மாடியில் வடிவம்மாள் ஏறினாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. தன் விசேஷ மலையாளத்தை எடுத்தாள். இந்தத் தடவை அர்த்தம் பிசகாமல், மிகக் கவனமாக எடுத்தாள்.

"ஊணு கழிச்சோ சாரே?"

தாணுலிங்கம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னான்.

"இன்னும் இல்லக்கா. இனிமேதான் சாப்பிடணும். நீங்க சாப்பிட்டாச்சா?"

லிப்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவம்மாள் ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

"இல்ல சார், இப்பத்தான் போறேன். மக காலையிலயே எந்திரிச்சு கட்டிக் குடுத்தா."